கிராசியான் ஒட்டிய படகு

கிராசியான் மோத்தாவின் சாப்பாட்டு மேசையில் அட்டைக் கப்பல் மூழ்க ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை சங்குக்குழித் தெருவுக்குத் தண்ணீர் லாரி வருகிற நாள் என்பதால் குடமும் வாளியுமாகத் தெருவே வாசலில் நின்றுகொண்டிருந்தது. அந்த நேரத்தில் ஒரு வீட்டுக்குள் ஒரு கப்பல் விரற்கடை அளவு தாழ்ந்துபோனதை யார் கவனிக்கப் போகிறார்கள்? பிலோமிதான் பார்த்தாள். மேசையைத் துடைக்கப் போனவள், கப்பலின் இடுப்பைச் சுற்றி ஓடும் வெள்ளைக் கோட்டைத் தேடிக் காணாமல், துணியைக் கையில் பிடித்தபடியே, "ஏங்க, ஒங்க கப்பலு கீழ எறங்கிட்டு" என்று புருஷனுக்குக் குரல் கொடுத்தாள்.

கிராசியான் பைண்டர். பள்ளிக்கூடப் பதிவேடு, கோவில் ஞானஸ்நானப் புத்தகம், வக்கீல் வீட்டுச் சட்டப் புத்தகம், எதுவானாலும் அவர் தைத்து ஒட்டிவிட்டால் தாள் கிழியுமே தவிர ஒட்டு விடாது. கடையில் விற்கிற வெள்ளைப் பசையை அவர் ஒரு பொருளாகவே மதிப்பதில்லை. மைதாவைக் கரைத்து, பூச்சி அரிக்காமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டு, அவரே அடுப்படியில் நின்று காய்ச்சுவார். அந்த வாசனை தெருவுக்கு வந்தால், "அண்ணன் கஞ்சி வச்சிட்டாரு, தூக்குவாளி எடுத்துட்டு ஓடுங்க" என்று எதிர்வீட்டுக் கொன்சேத்தா ஜன்னலிலிருந்து கேலி பேசுவாள். கேலியெல்லாம் அவரைத் தொடாது. "நான் ஒட்டினா ஒட்டினதுதான்" என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருகிற பெருமை, மகனுக்குக் கப்பலில் வேலை கிடைத்த அன்றுகூட வரவில்லை என்பது பிலோமியின் நெடுநாள் குறை.

மகன் ஒரே மகன். ஞானஸ்நானத்தில் ஸ்தனிஸ்லாஸ், தெருவில் தனிசு. சரக்குக் கப்பலின் எஞ்சின் அறையில் வேலை. மற்ற வீட்டுப் பிள்ளைகள் கப்பலிலிருந்து சென்ட் பாட்டிலும் சாக்லேட்டும் கொண்டுவரும்போது, தனிசு அப்பாவுக்கென்று கப்பல் கட்டுகிற பெட்டி கொண்டுவருவான். பெட்டிக்குள் கெட்டி அட்டைத் தாள்கள் இருக்கும், கொடிமரத்துக்கும் உள்கூட்டுக்கும் மெல்லிய மரக்குச்சிகள் இருக்கும்; ஒரு முழுக் கப்பலும் துண்டு துண்டாகத் தாளில் அச்சாகி, துண்டுக்கு ஒரு எண் போட்டிருக்கும்; வெட்டி, மடித்து, எண்ணோடு எண் சேர்த்து ஒட்டிக்கொண்டே போனால் கடைசி எண்ணில் கப்பல் நிற்கும். ஒன்பது கப்பல் கட்டிய கிராசியானுக்குப் பத்தாவதாக வந்தது தனிசு வேலை பார்க்கிற கப்பலே. கப்பல் கட்டப்பட்ட ஊரில், துறைமுகத்துக்கு எதிர்க்கடையில் அந்தப் பெட்டி தொங்கியதாம். கப்பலின் பெயர் வாயில் நுழையாத பெயர்; தெரு அதைத் தனிசு கப்பல் என்று சொல்லி முடித்துக்கொண்டது.

அப்பாவும் மகனும் பேசிக்கொள்கிற ஆட்கள் இல்லை. "சாப்ட்டியா", "சாப்ட்டேன்", "அம்மாட்ட குடுக்கேன்", அவ்வளவுதான் அவர்கள் பாசை. அந்தப் பத்தாவது பெட்டி வந்த பிறகு நிலைமை மாறியது. தனிசு போனில் வந்ததும், "எந்த நம்பர்ல நிக்கீங்க?" என்று கேட்பான். "நானூத்து முப்பது. பொகைக்கூண்டு." "அதுக்கு நேர் கீழதான்ப்பா நான் நின்னு பேசுதேன்." இன்னொரு நாள் அவர் கேட்பார்: "இப்ப எங்க இருக்க?" "இருநூத்து எட்டுல. ஏணிப்படியில ஒக்காந்து டீ குடிக்கேன்." அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, இருநூற்றெட்டாம் எண் ஏணியை, நகத்தளவு அட்டை ஏணியை, மகன் டீ குடித்து முடிக்கிற வரை பார்த்துக்கொண்டிருப்பார். அந்தக் கப்பலைக் கட்டிய எட்டு மாதத்தில் அவர்கள் அதற்கு முந்தைய இருபத்தெட்டு வருசத்தில் பேசியதைவிட அதிகமாகப் பேசினார்கள்.

அந்தப் பெட்டியில் இரண்டு வழி கொடுத்திருந்தார்கள். கப்பலை அடிவயிறோடு முழுதாகக் கட்டித் தாங்கியில் வைக்கலாம். அல்லது தண்ணீர்க் கோட்டோடு அடிப்பாகத்தை வெட்டிவிட்டு, மேல்பாகத்தை மட்டும் கட்டி மேசையில் தட்டையாக வைக்கலாம். இரண்டாவது வழியில் வைத்தால், மேசையைக் கடல் என்று வைத்துக்கொள்ள வேண்டும், கப்பலின் மிச்சம் உள்ளே இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். கிராசியான் இரண்டாவது வழியை எடுத்தார், மேசையிடம் ஒரு வார்த்தை கேட்காமலே அதைக் கடல் என்று வைத்துக்கொண்டார். மேசை அதை எப்படி எடுத்துக்கொண்டது என்று அப்போது அவருக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் கடைசித் துண்டை ஒட்டினார். அறுநூற்றுப் பதினொன்று. கப்பலின் பின்பக்கம் சாய்ந்த சறுக்கில் நிற்கிற ஆரஞ்சு நிற உயிர்காப்புப் படகு, பேரீச்சம்பழ அளவு, நாலு பக்கமும் மூடி, பக்கத்துக்கு ஒரு குட்டிக் கதவு அச்சடித்திருந்தது. அன்றைக்கே தனிசு போனில் வந்தான்.

"படகை ஒட்டிட்டேன். இனி பூகம்பம் வந்தாலும் அசையாது."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. "அப்பா, அது ஒண்ணுதான்ப்பா அசையணும்! கொக்கியத் தட்டினா எங்க எல்லாரையும் தூக்கிட்டு வழுக்கித் தண்ணிக்குள்ள குதிக்கணும். அதப் போயி ஒங்க கஞ்சி வச்சு ஒட்டிருக்கீங்களே."

"விழுறதுக்கா ஒருத்தன் ஒட்டுவான்? நான் ஒட்டினா ஒட்டினதுதான்டே."

"சரி, சரி. அம்மாட்ட குடுங்க."

அதுதான் கடைசிப் பேச்சு. செவ்வாய்க்கிழமை கப்பல் ஒரு விரற்கடை இறங்கியது. புதன்கிழமை பம்பாயிலிருந்து ஏஜென்ட் ஆபீஸ் ஆள் இங்கிலீசில் போன் செய்து, இரண்டு நாளாகக் கப்பலோடு தொடர்பு இல்லை, இருபத்தொரு பேர், வானிலை சரியில்லை, தேடிக்கொண்டிருக்கிறோம் என்றார்.

சங்குக்குழித் தெரு கடலில் ஆள் கொடுத்துப் பழகிய தெரு. அதனால், அட்டைக் கப்பல் தேக்கு மேசைக்குள் எப்படி இறங்கும் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கேட்டார்கள். முன்பக்கமா பின்பக்கமா, ஒரு நாளைக்கு எவ்வளவு, காலையில் அதிகமா சாயங்காலம் அதிகமா என்று கேட்டார்கள். ஆசாரி அந்தோனிமுத்து மேசைக்கு அடியில் படுத்து விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, பலகை பலகையாகத்தான் இருக்கிறது, கப்பல் இந்தப் பக்கம் வரவில்லை என்றார். தையற்கடை காதர் மைதீன் தினமும் சாயங்காலம் அசர் தொழுகை முடிந்ததும் கழுத்தில் தொங்கும் இஞ்சு டேப்போடு வந்து, கொடிமர நுனிக்கும் மேசைக்கும் இடையே அளந்து, அளவைத் துணிக்குக் கோடு போடுகிற சாக்குக்கட்டியால் சுவரில் குறித்துவிட்டுப் போனார். காற்று அடிக்கக் கூடாது என்று அந்த வீட்டில் மின்விசிறியை நிறுத்திவிட்டார்கள், சித்திரை வெயிலில் வந்தவர்கள் எல்லாரும் வியர்த்து வழிய நின்றார்கள். பிள்ளைகள் ஓடினால் அலை எழும்பும் என்று கொன்சேத்தா வாசலில் நின்று தெருப் பிள்ளைகளை அடக்கினாள். கரண்ட் மீட்டர் பார்க்க வந்த ஆள் செருப்பைக் கழற்றிவிட்டு, எண்ணைக் கிசுகிசுத்துக் குறித்துக்கொண்டு போனார். கோவிலில் உபதேசியார் மிக்கேல், வழக்கமான மன்றாட்டுகளுக்குப் பிறகு, மோத்தா வீட்டு மேசையில் இருக்கிற இருபத்தொரு பேருக்காகவும் என்று சேர்த்து வாசித்தார்.

தூக்கிவிடலாம் என்று இரண்டு பேர் பிடித்துப் பார்த்தார்கள். கப்பல் வரவில்லை, மேசைக்குள்ளேயிருந்து இரும்பு முனகுகிற சத்தம்தான் வந்தது. பிலோமி, "விடுங்கய்யா, பிள்ளைக உள்ள இருக்கு" என்று அலறியதும் கையை எடுத்துக்கொண்டார்கள்.

கிராசியான் அதற்குப் பிறகு, வாழ்நாளில் செய்யாத காரியத்தைச் செய்தார். தான் ஒட்டியதைத் தானே பிய்த்தார். கனம் குறைந்தால் நிற்குமோ என்று பிளேடை எடுத்து முதலில் பாரந்தூக்கிகளை வெட்டினார், பிறகு சரக்கு மூடிகளை, பிறகு நங்கூரத்தை; வெட்டிய ஒவ்வொன்றையும் எண் பார்த்து ஒரு தட்டில் அடுக்கினார். கப்பல் ஒரு நாள் இறங்காமல் நின்றது. மறுநாள் இரண்டு விரற்கடையாக இறங்கி ஈடுகட்டியது. இருநூற்றெட்டாம் எண் ஏணி மேசைக்குள் போனபோது அவர் எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பின்பக்கம் தாழ ஆரம்பித்தது. ஆரஞ்சு படகுக்கும் மேசைக்கும் இடையே அரை விரல்கூட இல்லை. பிலோமி நாலு நாளாகப் புருஷனிடம் பேசவில்லை. இப்போது வந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

"படகைக் கழட்டுங்க."

"பிளேடு வச்சா கிழிஞ்சிரும், பிலோமி."

"அவன் சொன்னாம்லா. அது ஒண்ணுதான் அசையணும்னு. கழட்டுங்க."

 பழைய புத்தகத்தின் ஒட்டைத் திறக்க ஆவிதான் காட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்த தொழில். ஆனால் அந்தப் பசை அவர் காய்ச்சிய பசை. பிலோமி இட்லிக் கொப்பரையைத் தண்ணீரோடு கொதிக்க வைத்தாள். கொன்சேத்தா டம்ளர் டம்ளராகச் சுடுதண்ணீர் கொண்டுவந்து கொடுக்க, அவர் டம்ளரைப் படகுக்குப் பக்கத்தில் சாய்த்துப் பிடித்து, ஆவி படப்பட, பிளேடின் முதுகால் மெதுவாக நெம்பினார். தெரு ஜன்னலில் முகம் வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. பதினேழு டம்ளர் ஆறியது. "விடு, விடு, தாயே விட்டுரு" என்று அவர் பசையிடம் கெஞ்சினார். முப்பத்தைந்து வருசமாக விடக் கூடாது என்று காய்ச்சிய பசையிடம் அவர் விடச் சொல்லிக் கெஞ்சியதைக் கேட்டவர்கள் பிறகு ஒருபோதும் அவரைக் கஞ்சி என்று கேலி பேசவில்லை. பதினெட்டாவது டம்ளரில் படகு ஒரு தடவை அசைந்தது, சறுக்கில் வழுக்கியது, மேசையில் விழுந்து, முன்னும் பின்னும் ஆடி, நிமிர்ந்து நின்றது.

மத்தியானத்துக்குள் கப்பல் போய்விட்டது. கொடிமர நுனி கடைசியாகப் போனது. காதர் மைதீன் சுவரில் கடைசிக் கோட்டைப் போட்டுவிட்டு, டேப்பைச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்தார். மேசையில் ஒரு கீறல் இல்லை. எப்போதோ காப்பி டம்ளர் வைத்த வட்டக் கறைகூட அந்த இடத்தில் அப்படியே இருந்தது.

படகு மட்டும் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு இரண்டு சாண், சில நாள் மூன்று சாண், வாசலைப் பார்த்து. திங்கட்கிழமை காலை மேசை விளிம்புக்கு நாலு விரல் இருந்தபோது, கொன்சேத்தா தன் மகளின் படிப்பு மேசையைத் தலையில் சுமந்துகொண்டு தெருவைக் கடந்து வந்தாள். "மைனி, தள்ளுங்க" என்று சொல்லி விளிம்போடு விளிம்பு சேர்த்துப் போட்டாள். உயரம் ஒரு விரல் குறைந்தது. காலுக்கடியில் பழைய பாட்டுப் புத்தகங்களை வைத்துச் சமப்படுத்தினார்கள். சாயங்காலம் படகு சின்னதாக ஒரு குலுங்கலோடு அந்த மேசைக்குக் கடந்தது. தெருவுக்கு அப்போதுதான் தான் செய்ய வேண்டிய வேலை என்ன என்று புரிந்தது.

அதன் பிறகு மேசைகள் வந்தன. காதர் மைதீன் துணி வெட்டுகிற நீள மேசை வந்தது, பரோட்டாக் கடையின் தகரம் அடித்த மேசை வந்தது, கேரம் போர்டு வந்தது, அயர்ன் வண்டி வந்தது, பள்ளிக்கூடத்து டெஸ்க்குகள் வரிசையாக வந்தன, கல்யாண மண்டபத்து பிளாஸ்டிக் மேசைகள் வந்தன. வீட்டை விட்டு வெளியே, வாசற்படி தாண்டி, தெரு நடுவில், விளிம்போடு விளிம்பாக அவை நீண்டன. வெளியே வந்ததும் படகின் வேகமும் கூடியது. சங்குக்குழித் தெரு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டது, தரையில் படுத்து வீட்டுப்பாடம் எழுதியது, காதர் மைதீன் தரையில் துணி விரித்து முழங்காலிட்டு வெட்டினார், பரோட்டா மாஸ்டர் ஜன்னல் பலகையில் மாவு வீசினார், ஆட்டோக்கள் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போயின. மேசைக்கு மேசை கடல் வேறு என்பதையும் தெரு தெரிந்துகொண்டது. தேக்கில் படகு நிதானமாகப் போனது. பிளாஸ்டிக்கில் பக்கவாட்டில் இழுபட்டது. தகரத்தில் ஒரு நாள் முழுக்கத் தூக்கித் தூக்கிப் போட்டது. அன்றைக்குப் பிலோமி தகர மேசையின் காலைக் கட்டிப் பிடித்தபடி வெயிலில் உட்கார்ந்திருந்தாள். கோவில் திருவிழாப் பந்தலின் தார்ப்பாயை மேலே கட்டினார்கள்.

உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதுதான் தெரியவில்லை. படகு மூடிய படகு, கதவு அச்சடித்த கதவு. இருபத்தொரு பேரும் இருப்பார்கள் என்றார் உபதேசியார். கிராசியான் படகோடு படகாக, அதன் வேகத்திலேயே, ஒரு ஸ்டூலை இழுத்து இழுத்துப் போட்டுக்கொண்டு தெருவில் நகர்ந்தார். ஒரு மத்தியானம் சோறு கொண்டுவந்த மனைவியிடம் கேட்டார்: "செவ்வாக்கெழமையே கழட்டிருந்தா தப்பிச்சிருப்பானோ?" பிலோமி தட்டைக் கையில் கொடுத்துவிட்டு, "சாப்டுங்க" என்றாள். அப்படியெல்லாம் இல்லை, உங்கள் தப்பு இல்லை என்று அவள் சொல்லுவாள் என எதிர்பார்த்திருந்தார்.  

பன்னிரண்டாம் நாள் பம்பாயிலிருந்து போன் வந்தது. தேடுதலை நிறுத்திவிட்டார்களாம். பிலோமி போனை வைத்துவிட்டுத் தெருவுக்கு வந்து, "அவுக நிறுத்திட்டாங்களாம்" என்றாள். கொன்சேத்தா, "அவுகளுக்கு மேசை தீந்திருக்கும், மைனி. நமக்குத் தீரல" என்று சொல்லி, பின்னால் காலியான டெஸ்க்கை எடுத்து முன்னால் கொண்டுபோய்ப் போட்டாள்.

இருபதாம் நாள் தெரு முடிகிற இடம் வந்தது. அங்கே கோவில். இருந்த மேசைகளில் நல்ல மேசையாக ஒன்று வேண்டும் என்று உபதேசியார் கோவிலுக்குள்ளிருந்தே ஒரு நீள மேசையை எடுத்துவந்து போட்டிருந்தார், கறுப்பு வர்ணம் அடித்தது, கனத்த கால்கள் கொண்டது. படகு காலை பூசை மணிக்கு அதில் ஏறியது; வேறு எந்த மேசையிலும் இல்லாத அமைதியோடு, நேராக, நடுவரைக்கும் போனது. நடுவில் நின்றது. அரை மணி நேரம் பார்த்தார்கள், ஒரு மணி நேரம் பார்த்தார்கள். அது நகரவில்லை. பூசைக்கு முன்னால் இறந்தவர்களின் பெட்டியைப் பீடத்துக்கு முன் இறக்கி வைக்கிற மேசை அது என்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. உபதேசியார் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பிலோமி போய்ப் படகை எடுக்கப் பார்த்தாள். பேரீச்சம்பழ அளவு அட்டை, அசையவில்லை. கிராசியான் இரண்டு கையாலும் பிடித்தார். அவராலும் முடியவில்லை. அந்தோனிமுத்து ஒரு பக்கம், பரோட்டா மாஸ்டர் ஒரு பக்கம், உபதேசியார் எழுந்து வந்து ஒரு பக்கம், காதர் மைதீன் ஒரு பக்கம், நாலு பேர் ஒரு பலகையை அடியில் செலுத்தித் தூக்கினார்கள். தூக்கியதும் நாலு பேர் தோளும் இறங்கியது. காதர் மைதீன் அழுதார். "சின்னப் பிள்ளையில தனிசு திருவிழாக் கூட்டத்துல மயங்கி விழுந்தப்போ நான்தாம்மா தோள்ல போட்டுத் தூக்கிட்டு வந்தேன். இந்தக் கனம் எனக்குத் தெரியும்" என்றார். மற்ற இருபது பேரும் அவரவர் ஊரில் அவரவர் மேசையில் வந்து சேர்ந்திருப்பார்கள் என்று தெரு நம்பியது, இன்றைக்கும் நம்புகிறது.

அப்போதுதான் பிலோமி புருஷன் பக்கம் திரும்பினாள். இருபது நாளுக்குப் பிறகு அவர் கையைப் பிடித்தாள். "கழட்டி விட்டீங்கள்லா. அதான் வீடு வந்து சேந்துட்டான்" என்றாள். கிராசியான் வாய்விட்டு, தெருவெல்லாம் கேட்க, மகன் பிறந்ததிலிருந்து அவனிடம் சொல்லாத அத்தனை பேச்சையும் சேர்த்து அழுதார்.

கனத்துக்குத் தக்கபடி ஆறடிப் பெட்டி செய்தார் அந்தோனிமுத்து. பிலோமி மகனின் பழைய சட்டையை விரித்தாள், அதன்மேல் படகை வைத்தார்கள், வெட்டி எடுத்த துண்டுகளையெல்லாம் எண் வரிசையில் சுற்றி அடுக்கினார் கிராசியான். கல்லறைத் தோட்டத்தில் சாமியார் செபம் முடித்ததும், ஆசாரி மூடியை வைத்துச் சுத்தியலை எடுத்தார்.

கிராசியான் அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஆணி வேண்டாம்யா. இறுக்காதீங்க. சும்மா மூடி மட்டும் வைங்க, அவன் தட்டினா தெறக்கணும்."

அந்தோனிமுத்து வாயில் கடித்திருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.